மருந்து மொத்த வியாபாரத்தில் தகவல் அமைப்பு: போட்டியில் முந்த ஒரு முழுமையான வழிகாட்டி

மாத்திரை அட்டையில் விலை அச்சடித்தே வருகிறது. விலைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் மருந்தென்றால் ஸ்டாக்கிஸ்டுக்கு, அதாவது கம்பெனியிடம் வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிக்கு, 8 சதவீத லாபம், மெடிக்கல் கடைக்கு 16 சதவீதம். கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளதென்றால் 10, 20. இந்தக் கணக்கு தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். திண்டுக்கல்லிலோ கரூரிலோ ஒரே கம்பெனிக்கு இரண்டு மூன்று ஸ்டாக்கிஸ்ட் இருந்தால், மூவரிடமும் சரக்கு ஒன்று, விலை ஒன்று, கடன் நாள்கூட ஏறக்குறைய ஒன்று. அப்படியிருக்க, மெடிக்கல்காரர் காலையில் போனை எடுத்து உங்களுக்கு ஏன் முதலில் அடிக்க வேண்டும்?

சிலர் கடன் நாளை நீட்டிப் பார்ப்பார்கள். சிலர் தன் கையிலிருந்து ஒரு சதவீதம் தள்ளுபடி கொடுப்பார்கள். இரண்டையும் பக்கத்து ஏஜென்சி, அதாவது இன்னொரு ஸ்டாக்கிஸ்ட், அடுத்த வாரமே செய்துவிடும். அப்புறம் எல்லோருக்கும் லாபம் குறைந்ததுதான் மிச்சம்.

இங்கே சொல்லப்போவது வேறு வழி. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடக்கும் தகவலையும், எங்கேயும் எழுதப்படாமல் தினமும் காற்றோடு போகும் தகவலையும் வைத்து முந்துவது. விலையில் விளையாட இடமில்லாத தொழிலில்தான் தகவல் செய்யும் வேலை பளிச்சென்று தெரியும், அதனால்தான் மருந்தை எடுத்துக்கொண்டேன். உதிரிபாகம், மளிகை, ஹார்டுவேர் விநியோகம் செய்பவர்கள் சரக்கின் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேர் வாங்கியதால் மட்டும் யாரும் முந்துவதில்லை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஜிஎஸ்டியில் மின்-விலைப்பட்டியல் கட்டாயம். ஆக, உங்கள் அளவுக்கு வியாபாரம் செய்யும் ஒவ்வொருவரிடமும் கம்ப்யூட்டர் பில்லிங் இருந்தே தீரும். டேலி, மார்க் என்று எந்த பில்லிங் சாஃப்ட்வேரும் பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும். எல்லோரிடமும் இருக்கும் ஒன்று யாருக்கும் கூடுதல் பலமாகாது. தகவல் அமைப்பு என்று நான் சொல்வது சாஃப்ட்வேர், அதில் ஏறும் விவரம், அதை ஏற்றும் ஆள், அதைப் பார்த்து நீங்கள் எடுக்கும் முடிவு எல்லாம் சேர்ந்தது. போட்டியாளர் காசு கொடுத்து வாங்க முடிவது முதலாவதை மட்டும்தான்.

இதே தொழிலில் ஒரு முன்கதை

1970களின் நடுவில் அமெரிக்காவில் மெக்கெசன் என்ற மருந்து மொத்த வியாபார நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். அதன் வாடிக்கையாளர்களான தனி மருந்துக் கடைகள், ஊர் ஊராகக் கிளை போட்ட சங்கிலிக் கடைகளிடம் தோற்றுக்கொண்டிருந்தன. பெரிய சங்கிலிகள் தயாரிப்பாளரிடமே நேரடியாக வாங்க வல்லவை. தனிக் கடைகள் செத்தால் மொத்த வியாபாரிக்கும் பிழைப்பு போயிற்று.

மெக்கெசன் கொண்டுவந்த ஆர்டர் அமைப்புக்கு எகானமோஸ்ட் என்று பெயர். கடைக்காரர் கையடக்கக் கருவியோடு அலமாரி அலமாரியாக நடந்து, தட்டில் ஒட்டிய லேபிளைப் பார்த்து எது குறைகிறதோ அதைப் பதிவு செய்வார். ஆர்டர் தொலைபேசிக் கம்பி வழியாகக் கிடங்குக்குப் போகும். சரக்கு சீக்கிரமே வந்து சேரும். பெட்டியைத் திறந்தால், அவர் கடை அலமாரி எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் பொருட்கள் அடுக்கியிருக்கும், விலைச் சீட்டும் கூடவே இருக்கும். எந்தப் பிரிவில் எவ்வளவு வாங்கினார், அதில் எவ்வளவு லாபம் நிற்கும் என்ற கணக்கும் அவருக்கு அவ்வப்போது வரும். சங்கிலிக் கடையின் தலைமை அலுவலகம் தன் கிளைக்குச் செய்யும் வேலையை, மெக்கெசன் தனிக் கடைக்குச் செய்து கொடுத்தது.

பிறகு நடந்ததும் முக்கியம். சில ஆண்டுகளில் மற்ற பெரிய மொத்த வியாபாரிகளும் இதே மாதிரி அமைப்பு வைத்துவிட்டார்கள். இதை ஆராய்ந்தவர்கள் கண்டது: எகானமோஸ்ட் மெக்கெசனுக்கு நிலையான கூடுதல் லாபத்தைத் தரவில்லை, பலனில் பெரும்பகுதி கடைக்காரருக்கே போயிற்று. இப்படியொன்று இல்லாத சின்ன மொத்த வியாபாரிகளால்தான் தாக்குப்பிடிக்க முடியாமல் போனது. இரண்டு பக்கத்தையும் மனதில் வைத்துக்கொண்டு படிகளுக்குப் போவோம்.

படி 1: எந்த முடிவில் முந்தப் போகிறீர்கள்?

"எல்லாவற்றையும் கம்ப்யூட்டர்மயம் ஆக்க வேண்டும்" என்று தொடங்கினால் ஆறு மாதம் கழித்து உங்களிடம் நாற்பது ரிப்போர்ட் இருக்கும், ஒன்றையும் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். நீங்கள் தினமும் எடுக்கும் முடிவுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எந்தச் சரக்கை எவ்வளவு வாங்குவது, யாருக்கு எவ்வளவு கடன் விடுவது, எந்த பேட்ச்சை (ஒரே தடவையில் தயாரான தொகுதியை) முதலில் தள்ளுவது, எந்த லைனுக்கு (வண்டி போகும் ஊர்த் தடத்துக்கு) ஒரு நாளில் எத்தனை முறை வண்டி விடுவது. இவற்றில் ஒன்று.

தேர்ந்தெடுக்க ஒரே சோதனை போதும். இந்தத் தகவல் இன்று இரவு என் கைக்கு வந்தால், நாளைக் காலை நான் எதை மாற்றிச் செய்வேன்? பதில் உடனே வரவில்லை என்றால் அந்தத் தகவலை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மருந்து விநியோகத்தில் என் தேர்வு வாங்குதல்தான். மெடிக்கல்காரருக்கு ஸ்டாக்கிஸ்டிடம் இருக்கும் பெரிய குறை விலை கிடையாது. கேட்டது கிடைப்பதில்லை என்பதுதான். பத்து ஐட்டம் கேட்டால் எட்டு வருகிறது, மீதி இரண்டுக்கு அவர் இன்னொருவருக்குப் போன் அடிக்கிறார். அந்த இன்னொருவரிடம் பத்தும் இருந்தால், அடுத்த நாள் முதல் போன் அங்கேதான்.

படி 2: "இல்லை" என்று சொன்னதை எழுதுங்கள்

முழு வேலையின் உயிரும் இந்தப் படியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பில்லிங் சாஃப்ட்வேருக்கு விற்றது தெரியும். கேட்டும் கொடுக்க முடியாமல் போனது தெரியாது. ஒரு சர்க்கரை மாத்திரை பத்து நாள் ஸ்டாக் இல்லாமல் கிடந்தால், கம்ப்யூட்டர் கணக்கில் அந்தப் பத்து நாளும் விற்பனை பூஜ்யம். மாத முடிவில் விற்பனையைப் பார்த்து வாங்குகிறவர் "இது இப்போது ஓடவில்லை போல" என்று இன்னும் குறைத்து வாங்குவார். நன்றாக ஓடும் மருந்தை நம் ரிப்போர்ட்டே நம்மை நம்பவைத்துக் கொன்றுவிடும்.

ஆர்டர் வரும் இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். காலை பத்து மணி. ஒரு கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் கையெழுத்துப் பட்டியலின் போட்டோ வருகிறது. இன்னொருவர் போனில் சொல்கிறார், பில் போடுகிற பெண் தோளில் போனைச் செருகிக்கொண்டு டைப் அடிக்கிறார். "அந்த ஆன்டிபயாடிக் சிரப் இல்லைண்ணா, அடுத்து சொல்லுங்க." அவ்வளவுதான், ஒரு தகவல் பிறந்து மூன்று நொடியில் செத்துவிட்டது. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை என்று கேட்டால் கடையில் யாருக்கும் தெரியாது.

இதைப் பிடிக்கப் புது சாஃப்ட்வேர் வேண்டாம். பில் போடும் மேசையில் ஒரு நீள நோட்டு, அல்லது ஒரு எக்ஸெல் தாள். ஐந்து கட்டம்: தேதி, கடை, மருந்து, கேட்ட அளவு, ஏன் கொடுக்கவில்லை. கடைசிக் கட்டத்துக்கு ஓர் எழுத்து போதும். நாம் வாங்கி வைக்கவில்லை என்றால் வ. கம்பெனியிலேயே சப்ளை இல்லை என்றால் க. இருக்கிறது ஆனால் காலாவதி நெருங்கிவிட்டது என்றால் தே. பாக்கி நிற்பதால் பில் நிறுத்தியது என்றால் பா. கம்ப்யூட்டர் இருக்கிறது என்கிறது, ரேக்கில் காணோம் என்றால் ர. எழுத்து முறையைச் சிக்கலாக்கினால் இரண்டாம் நாளே எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். உங்கள் சாஃப்ட்வேரிலேயே ஆர்டரைத் தனியாக ஏற்றிவிட்டுப் பிறகு பில்லாக மாற்றும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஆர்டருக்கும் பில்லுக்கும் உள்ள வித்தியாசமே அந்தப் பட்டியல்.

நோட்டுப் புத்தகம் எப்படித் தகவல் அமைப்பாகும் என்று சிரிப்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கொடுக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று வரவு இருக்கும், எடுக்க எடுக்கக் கழியும். கிடங்கின் கையிருப்பைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது, மருத்துவமனையின் உரிமையைக் காகிதம் பார்த்துக்கொண்டது. பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இதே வகைக் கழகங்களை அமைத்தன. எந்தத் தகவல் யார் கையில் இருக்க வேண்டும் என்று யோசித்துவிட்டால், அது தாளில் இருக்கிறதா திரையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

நான்கு வாரம் எழுதிய பிறகு கணக்குப் போடுங்கள். ஆர்டரில் கேட்கும் ஒவ்வொரு மருந்தும் ஒரு வரி; கேட்ட வரிகளில் கொடுத்த வரிகள் எத்தனை சதவீதம்? உதாரணத்துக்கு ஒரு நாளில் 400 வரி ஆர்டர் வந்து 330 கொடுத்திருந்தால் 82.5 சதவீதம். ரூபாயில் கணக்கிடாதீர்கள். விலை குறைந்த மாத்திரை ஒன்று இல்லாமல் போனாலும் கடைக்காரர் இன்னொரு ஏஜென்சிக்குப் போனை எடுக்கத்தான் போகிறார். அப்புறம் காரண எழுத்துகளைப் பிரித்து எண்ணுங்கள். எது அதிகமோ அங்கே அடுத்த வேலை. வ அதிகம் என்றால் படி 4. ர அதிகம் என்றால் படி 3-ல் இன்னும் கொஞ்ச நாள் உட்கார வேண்டும். பா அதிகம் என்றால் சிக்கல் சரக்கில் இல்லை, வசூலில்.

படி 3: ஐட்டம் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

இதில் சுவாரசியம் எதுவும் கிடையாது, இதைத் தாண்டிப் போகவும் முடியாது. எந்த ஏஜென்சியின் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் ஒரே மருந்து மூன்று பெயரில் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர் தேடிக் கிடைக்காமல் புது ஐட்டமாகத் திறந்திருப்பார். விற்பனை மூன்றாக உடைந்து கிடக்கும், மூன்றுமே மெதுவாக ஓடும் சரக்கு போலத் தோன்றும்.

அடுத்த பொறி அட்டைக்கும் பெட்டிக்கும் உள்ள குழப்பம். பத்து அட்டை கொண்ட பெட்டியை ஒருவர் 1 என்று ஏற்றுவார், இன்னொருவர் 10 என்று ஏற்றுவார். ஒரு கொள்முதலில் இது தவறினால் ஸ்டாக் பத்து மடங்கு பிசகும். கணக்கை எல்லா இடத்திலும் அட்டையில் வைத்துக்கொள்வது என்று ஒரே விதி போடுங்கள்.

புது ஐட்டம் திறக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். ரேக் எண்ணை ஐட்டத்தோடு சேர்த்து ஏற்றுங்கள், எடுத்துக் கொடுக்கும் பையன் மனப்பாடத்தை நம்பக் கூடாது. அவர் இரண்டு நாள் லீவு போட்டால் கடையே தடுமாறும். ஸ்டாக் எண்ணுவதை வருடத்துக்கு ஒரு முறை மார்ச் மாதத் திருவிழாவாக வைக்காமல், தினமும் மதியம் ஓய்ந்த நேரத்தில் முப்பது ஐட்டம் எண்ணுங்கள். அதிகம் விற்கும் சரக்கு மாதத்துக்கு ஒரு முறையாவது எண்ணிக்கைக்குள் வந்துவிட வேண்டும்.

பேட்ச்சும் காலாவதித் தேதியும் ஏற்றும்போது கண்ணால் பார்த்து டைப் அடிப்பதில்தான் நிறையத் தவறு நடக்கும். மருந்து விதிகளின் அட்டவணை எச்2-வில் உள்ள 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் பார்கோடோ கியூஆர் கோடோ கட்டாயம் ஆகியிருக்கிறது. பேட்ச், தேதி எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஸ்கேனர் ஒன்று வாங்கி எங்கெல்லாம் முடிகிறதோ அங்கெல்லாம் பயன்படுத்துங்கள், மீதிக்குக் கைதான்.

படி 4: எப்போது, எவ்வளவு வாங்குவது

கணக்கு எளிது. ஒரு மருந்து சராசரியாக ஒரு நாளைக்கு 12 அட்டை ஓடுகிறது. கம்பெனி டிப்போவில் (கிடங்கில்) ஆர்டர் போட்டால் சரக்கு வரச் சராசரி 3 நாள். ஆக அந்த மூன்று நாளுக்கு 36 அட்டை வேண்டும். ஆனால் மோசமான நாளில் 20 அட்டை போயிருக்கிறது, மோசமான வாரத்தில் சரக்கு வர 6 நாள் ஆகியிருக்கிறது. இரண்டும் ஒன்றாக நடந்தால் 120 அட்டை வேண்டும். 120-ல் 36 போக மீதி 84, அதுதான் பாதுகாப்புச் சரக்கு. கையிருப்பு 120-ஐத் தொட்டதும் ஆர்டர் போட்டால், "இல்லை" என்று சொல்ல வேண்டி வருவது அபூர்வம்.

எல்லா மருந்துக்கும் இப்படிச் செய்தால் பணமெல்லாம் ரேக்கில் போய் உட்கார்ந்துவிடும். விற்பனையில் பெரும்பகுதியைத் தரும் ஐட்டங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான் இருக்கும், அவற்றுக்கு மட்டும் முழுப் பாதுகாப்பு. நடுத்தரமாக ஓடுவதற்குப் பாதி. எப்போதாவது ஓடும் விலை உயர்ந்த ஊசி மருந்தை வைத்திருக்கவே வேண்டாம், கேட்டால் எத்தனை மணி நேரத்தில் வரும் என்று உறுதியாகச் சொல்லத் தெரிந்தால் போதும். அந்த நேரத்தைச் சரியாகச் சொல்வதும் தகவல்தான்.

சராசரியை அப்படியே நம்பவும் கூடாது. யாரோ மருத்துவ முகாமுக்கு ஒரே நாளில் 500 அட்டை வாங்கியிருப்பார்கள், அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஸ்டாக் இல்லாத நாட்களையும் கழியுங்கள், படி 2 நோட்டு இதற்கும் உதவும். சீசனுக்குப் போன மாதக் கணக்கு ஆகாது, போன வருடம் இதே மாதம்தான் வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காய்ச்சல் மருந்தும், வெயில் ஏறியதும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த லைனில் எத்தனை நாள் முன்னாடி நகர ஆரம்பிக்கிறது என்பது உங்கள் பில்களில் மட்டுமே இருக்கிறது. 2004-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை நோக்கி ஒரு புயல் வந்தபோது வால்மார்ட் இதைத்தான் செய்தது. சில வாரங்களுக்கு முன் வந்த புயலின் விற்பனைப் பதிவைத் துருவியதில், டார்ச் லைட்டோடு ஸ்ட்ராபெர்ரி பாப்-டார்ட் என்ற தின்பண்டமும் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்தது தெரிந்தது. உடனே லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். அனுபவசாலி மேனேஜர் யாருக்கும் தோன்றியிருக்காது.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் கம்பெனியோடு பேசும் தோரணையும் மாறும். மாதக் கடைசியில் கம்பெனியின் ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி, வந்து நிற்பார். "சார், டார்கெட்டுக்கு ரெண்டு லட்சம் இடிக்குது, நீங்க எடுத்துக்கங்க, பத்துக்கு ஒண்ணு ஃப்ரீ போட்டுத் தர்றேன்." கணக்கு இல்லாதவர் முகத்துக்காக வாங்கிவிடுவார். கணக்கு இருப்பவர் திரையைத் திருப்பிக் காட்டலாம்: இந்த சிரப் எனக்கு ஏற்கெனவே 70 நாளுக்கு இருக்கிறது, ஃப்ரீ கொடுத்தாலும் இது விற்பதற்குள் பணம் முடங்கிக் கிடக்கும். ஓடுகிற இந்த மூன்று ஐட்டத்துக்குச் சப்ளையை ஒழுங்காகக் கொடுங்கள், அதில் எடுத்துக்கொள்கிறேன். க என்று நோட்டில் எழுதிய வரிகளை அவரிடம் கொடுங்கள். அவர் மேலதிகாரியிடம் காட்ட அவருக்கும் அது வேண்டும்.

படி 5: கடைக்காரரின் வேலையைக் குறையுங்கள்

இதுவரை செய்தது உங்கள் வீட்டைச் சரிசெய்தது. மெக்கெசன் கதையின் சாரம் அடுத்தவர் வேலையில் கை கொடுத்ததில் இருக்கிறது.

மெடிக்கல்காரரின் இரவு எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அன்று ஏழெட்டு ஏஜென்சியிலிருந்து வந்த பில்களைத் தன் கம்ப்யூட்டரில் பேட்ச் பேட்ச்சாக ஏற்றிக்கொண்டிருப்பார். உங்கள் பில்லை அவர் சாஃப்ட்வேர் அப்படியே இழுத்துக்கொள்ளும் கோப்பாக மெயிலில் அனுப்பினால், உங்கள் பில் மட்டும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த வசதி பெரும்பாலான மருந்து பில்லிங் சாஃப்ட்வேர்களில் இருக்கிறது. கடைக்கு நேரில் போய் முதல் முறை அமைத்துக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். போய் அமைத்துக் கொடுங்கள். அது பழகிய கடைக்காரர் வேறு ஏஜென்சிக்கு மாறுவதற்கு முன் கட்டாயம் யோசிப்பார்.

இன்னொன்று காலாவதி. எந்தக் கடைக்கு எந்த பேட்ச் எப்போது போனது என்பது உங்கள் பில்லில் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதை வடிகட்டி, "அண்ணே, எங்ககிட்ட வாங்குன இந்த நாலு ஐட்டத்துக்கு இன்னும் மூணு மாசம்தான் தேதி இருக்கு, ரேக்குல நின்னா வியாழக்கிழமை வண்டியில கொடுத்துவிடுங்க" என்று செய்தி அனுப்புங்கள். குறித்த காலம் தாண்டினால் கம்பெனி கிரெடிட் நோட் போட்டுப் பணத்தைக் கணக்கில் வரவு வைக்க மறுத்துவிடும், அப்போது கடைக்காரருக்கும் உங்களுக்கும் தகராறு. முன்னாடியே சொன்னால் அந்தச் சரக்கு வேறு கடையில் விற்றும் போகும். பக்கத்து ஏஜென்சியிடமும் இதே விவரம் அவர் கம்ப்யூட்டரில் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

கடன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொத்தப் பாக்கியைப் பார்க்காதீர்கள், பில் எத்தனை நாள் பழசு என்று பாருங்கள். வரம்பு தாண்டினால் பில் தானாக நிற்கட்டும், அதைத் திறக்கும் பாஸ்வேர்டு முதலாளியிடம் மட்டும் இருக்கட்டும்.

படி 6: ஆட்களோடு சேர்ந்து, மெதுவாக

மெக்கெசனின் போட்டியாளர் ஃபாக்ஸ்மேயர். அமெரிக்காவின் முன்னணி மருந்து மொத்த நிறுவனங்களில் ஒன்று, ஆண்டு விற்றுமுதல் ஏறக்குறைய 500 கோடி டாலர். 1993-ல் எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளையும், கூடவே தானியங்கிக் கிடங்கையும் ஒரே நேரத்தில் கொண்டுவரத் தொடங்கியது. பழைய மெயின்பிரேம் கம்ப்யூட்டர் ஓர் இரவில் 4,20,000 ஆர்டர் வரிகளை முடித்தது, புதிய அமைப்பு 10,000-க்கே திணறியது என்று அப்போது செய்தி வந்தது. மூடப்போகும் கிடங்குகளின் ஊழியர்கள் வேலை போகும் கோபத்தில் இருந்தார்கள், சரக்கு சேதமானது. 1996 ஆகஸ்டில் நிறுவனம் திவால் மனு போட்டது. அதன் விநியோக வியாபாரத்தை யார் வாங்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? மெக்கெசன்தான்.

உங்கள் கடைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. இரண்டு பெரிய மாற்றங்களை ஒரே மாதத்தில் செய்யாதீர்கள். புது சாஃப்ட்வேருக்கு மாறுவதென்றால் மார்ச் கணக்கு முடிப்பிலும் காய்ச்சல் சீசனிலும் வேண்டாம். ஜூன், ஜூலை வசதி. முதலில் ஒரு கம்பெனியின் சரக்கு, ஒரு லைன். இரண்டு வாரம் பழையதும் புதியதும் ஒன்றாக ஓடி, மாலைக் கணக்கு இரண்டிலும் ஒத்துப்போன பிறகு அடுத்தது.

"இல்லை" நோட்டை எழுதும் பெண்ணுக்கு அது கூடுதல் வேலை, அதற்குக் கூடுதல் சம்பளம் கொடுங்கள். விற்பனைக்கு மட்டும் கமிஷன் வாங்கும் சேல்ஸ்மேன், கொடுக்க முடியாத ஆர்டரைச் சொல்லவே மாட்டார். கேட்ட வரியில் எத்தனை கொடுத்தோம் என்பதற்கும் வசூலுக்கும் சேர்த்து ஊக்கத்தொகை வைத்தால் தகவல் தானாக வந்து சேரும். நோட்டில் எழுதியதற்காக யாரையும் திட்டவும் கூடாது. ஒரு முறை திட்டினால் அப்புறம் நோட்டு சுத்தமாக இருக்கும், கடை காலியாக இருக்கும்.

படி 7: தகவல் யார் கையில்?

ஃபார்மாரேக், ரீடெய்லியோ போன்ற ஆர்டர் செயலிகள் வந்துவிட்டன. கடைக்காரர் அதில் தேடுகிறார், ஸ்டாக் வைத்திருப்பவருக்கு ஆர்டர் போகிறது. சேர்வதில் தப்பில்லை, சேராவிட்டால் சில கடைகளின் கண்ணிலேயே பட மாட்டீர்கள். ஆனால் கடைக்காரர் எதைத் தேடினார், எது கிடைக்காமல் போனார் என்ற விவரம் செயலிக்காரரிடம் தங்கிவிடுகிறது. திரை யாருடையதோ வரிசையும் அவருடையது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் சேபர் முன்பதிவுத் திரையை 1976 முதல் டிராவல் ஏஜென்ட்களின் மேசையில் வைத்தபோது தன் விமானங்களை மேலே காட்டியது. ஏஜென்ட் மேலே இருப்பதைத்தான் பதிவு செய்வார். மற்ற விமான நிறுவனங்கள் முறையிட்டு, அந்தச் சாய்வுக்கு அரசு 1984-ல் தடை போட வேண்டி வந்தது. ஆகவே செயலி வழியே வரும் ஆர்டரையும் உங்கள் நோட்டில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப் ஆர்டரை நிறுத்திவிடாதீர்கள்.

சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை சொந்தமாக எழுதவைப்பது இந்த அளவு வியாபாரத்துக்கு வீண் செலவு. சந்தையில் உள்ளதை வாங்குங்கள், திருட்டு நகலைத் தொடாதீர்கள். வாங்கும் முன் ஒரே கேள்வி: என் முழு விவரத்தையும் எக்ஸெல்லாக நானே எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் வேண்டாம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்குதலில் முடங்கி, இரண்டு வாரம்போல வேலை கையெழுத்தில் நடந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. தினசரி நகல் ஒன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, உண்மையிலேயே திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

படி 8: முன்னேற்றத்தை எப்படி அளப்பது

மாதம் மூன்று எண் போதும். கேட்ட வரியில் கொடுத்தது எத்தனை சதவீதம். கையிருப்பு எத்தனை நாள் விற்பனைக்குச் சமம். விற்பனையில் காலாவதி நஷ்டம் எத்தனை சதவீதம். முதல் எண் ஏறும்போது இரண்டாவதும் கூடவே ஏறினால் நீங்கள் தகவலால் ஜெயிக்கவில்லை, பணத்தைக் கொட்டி ரேக்கை நிரப்பியிருக்கிறீர்கள். முதல் எண் ஏறி மற்ற இரண்டும் நின்ற இடத்தில் நின்றாலோ இறங்கினாலோ அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள்.

செலவுக் கணக்கில் சாஃப்ட்வேர் கட்டணத்தை மட்டும் எழுதாதீர்கள். தினமும் முப்பது ஐட்டம் எண்ணும் பையனின் நேரம், நோட்டை எழுதும் நேரம், கடைகளுக்குப் போய் பில் இறக்குமதி அமைத்துக் கொடுத்த நாட்கள், இவைதான் பெரிய செலவு.

நான்கு மாதம் ஆகியும் முதல் எண் அசையவில்லை என்றால் மறுபடி காரண எழுத்துகளுக்குப் போங்கள். வ குறைந்து க மட்டும் நிற்கிறது என்றால் உங்கள் பக்கத்து வேலை முடிந்துவிட்டது, இனி டிப்போ மேனேஜரோடு நேரில் உட்கார வேண்டிய நேரம். ஒரு பிராண்டில் க திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அதே மூலக்கூறில் வேறு கம்பெனியின் ஏஜென்சி எடுக்க முடியுமா என்று பார்க்கலாம். எந்தெந்தக் கடை, மாதம் எத்தனை அட்டை கேட்டது என்ற விவரம் ஏற்கெனவே உங்கள் நோட்டில் இருக்கிறது. புதுக் கம்பெனியோடு பேரம் பேசப் போகும்போது அந்தப் பக்கங்களை நகல் எடுத்துக் கொண்டுபோங்கள்.